வாரத்துக்கு வளர்த்த எட்டு ஆடும் சின்னமனூர்ல ஒரு வீடும்

 போன மாசம் நம்ம சேனல்ல "வீடு வாங்க டவுன் பேமென்ட் எப்படிச் சேர்க்கிறது"ன்னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். ஆர்டி, எஸ்ஐபி, செலவைக் குறைக்கிறதுன்னு வழக்கமான விஷயம்தான். அதைப் பார்த்துட்டு என் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, எல்லாம் சரிதான். ஆட்டுக் கணக்கை எங்க எழுதுறது?"

சிரிச்சுட்டேன். ஆனா அவன் சீரியஸா கேட்டிருக்கான். அடுத்த மூணு ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுத் திண்ணையில நோட்டும் கால்குலேட்டருமா உட்கார்ந்தோம். அவன் அனுமதியோட அந்தக் கணக்கை இங்க எழுதுறேன், பேர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டான். தேனி மாவட்டத்துல பிறந்து சென்னை, பெங்களூரு, திருப்பூர்னு வேலை பார்க்குற நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்காவது ஊர்ல ஒரு ஆடோ மாடோ யாராவது ஒருத்தர் பொறுப்புல இருக்கும். அதனால இது எங்க குடும்பக் கதை மட்டும் இல்ல.

முதல்ல வாரம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர், வளர்க்கிறவர் இன்னொருத்தர். தாய் ஆடு சொந்தக்காரருடையதாவே இருக்கும். போடுற குட்டியில பாதி அவருக்கு, பாதி வளர்க்கிறவருக்கு. நிலத்துக்கு வாரம் இருக்கிற மாதிரி ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு. பேப்பர், கையெழுத்து எதுவும் கிடையாது. "பாதி வாரம், பார்த்துக்க" என்று சொன்னா முடிஞ்சது.

எங்க மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், திருப்பூர்ல இருக்கார். 2022 தை மாசம் எட்டு வெள்ளாடு வாங்கி, தங்கச்சி வீட்டுல வாரத்துக்கு விட்டுட்டுப் போனார். தம்பி தேனியில ஒரு தனியார் கம்பெனியில வேலை பார்க்குறான். கைக்கு வர்ற சம்பளம் 31,000. குடும்பம் சின்னமனூர் பக்கம் ஒத்தி வீட்டுல இருக்கு, ஒத்திப் பணம் ஒன்றரை லட்சம். பின்னாடி கொட்டம் போட இடம் இருக்குன்னுதான் அந்த வீட்டையே பிடிச்சாங்க. தம்பியோட திட்டம் இதுதான்: மாசம் 6,000 ஆர்டி, அதுக்கு மேல குட்டி வித்த காசு. மூணு வருஷத்துல சொந்த வீடு.

இந்த வருஷம் மார்ச்ல ஒரு சின்ன வீடு அமைஞ்சது. விலை 16 லட்சம். அங்கதான் முதல் தப்புக் கணக்கு ஆரம்பிச்சது.

முப்பது லட்சம் வரைக்குமான வீட்டுக்கடன்ல சொத்து மதிப்புல 90% வரைக்கும் பேங்க் கொடுக்கலாம்னு ஆர்பிஐ விதி. "அப்ப நான் 10% போட்டாப் போதும், 1.6 லட்சம்"னு தம்பி நினைச்சான். நிறையப் பேர் இங்கதான் வழுக்குறாங்க. 90% என்பது உச்சவரம்பு, உங்களுக்குக் கிடைச்சே ஆகவேண்டிய உரிமை இல்ல. அதோட, பேங்க் பார்க்கிறது நீங்க பேசின விலையை இல்ல, அவங்க மதிப்பீட்டாளர் போடுற மதிப்பை. இந்த வீட்டுக்கு 15 லட்சம்னு மதிப்புப் போட்டாங்க. அதுல 90% என்றால் 13.5 லட்சம். ஆக தம்பி கையிலிருந்து போடவேண்டியது 2.5 லட்சம்.

அதுக்கு மேல முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. தமிழ்நாட்டுல 2023-க்கு முன்னாடி பதிவுக் கட்டணம் 4% ஆக இருந்தது, இப்ப 2%. 16 லட்சத்துக்கு மொத்தம் 1.44 லட்சம். பத்து லட்சத்துக்கு மேல மதிப்புள்ள வீட்டுக்கு இந்தச் செலவைக் கடன் கணக்குல சேர்க்க முடியாது, கைக்காசுதான். (பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1% சலுகைன்னு 2025 ஏப்ரல்ல வந்ததே, அது பத்து லட்சம் வரைக்குமான சொத்துக்குத்தான். இங்க உதவல.) பத்திர எழுத்தர், வக்கீல் ஒப்பீனியன், பேங்க் பிராசசிங், கரண்ட் இணைப்பு பேர் மாத்துறதுன்னு ஒரு 30,000. கூட்டினா 4.24 லட்சம். 1.6 எங்கே, 4.24 எங்கே!

ஆர்டி மூணு வருஷத்துல வட்டியோட சுமார் 2.38 லட்சம் ஆகியிருந்தது. மீதி 1.86 லட்சத்துக்கு ஆடுதான் வழின்னு தம்பி சொன்னான். சரி, ஆட்டைக் கணக்குப் பார்த்துடலாம்னு உட்கார்ந்தோம்.

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் அஞ்சு மாசம். நல்லா வளர்த்தா ரெண்டு வருஷத்துல மூணு ஈத்து எடுக்கலாம். மூணு வருஷத்துல தம்பி வீட்டுல ஆட்டுக்கு நாலு ஈத்துன்னு வச்சோம். எட்டு ஆடு, நாலு ஈத்து, சராசரி ஒன்றரைக் குட்டி, ஆக 48. செத்தது எட்டு. மீதி 40-ல பாதி வாரம் 20. குட்டி சராசரி 6,500 என்று போட்டா 1.30 லட்சம். தவிடு, பிண்ணாக்கு, குடற்புழு மருந்து, டாக்டர் செலவு எல்லாம் வளர்க்கிறவர் தலையில. அது மூணு வருஷத்துக்கு 32,000. நிகரமா 98,000, மாசத்துக்கு 2,700 சொச்சம்.

"பரவாயில்லையேண்ணே, சும்மா வந்த காசுதானே"ன்னான்.

சும்மா வரல. தம்பி காலையில ஏழரைக்கு பஸ் ஏறினா ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. அறுவடை முடிஞ்ச வயல்ல மேய்க்கிறது, அகத்தி ஒடிச்சுட்டு வர்றது, பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துல ஆடு வாய் வச்சிடாம காவல் நிக்கிறது, மழை ராத்திரியில எந்திரிச்சு கொட்டத்தைப் பார்க்கிறது எல்லாமே சித்தி. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னு குறைச்சுப் போட்டாலே மூணு வருஷத்துக்கு 3,285 மணி நேரம். 98,000-த்தை அதால வகுத்தேன். மணிக்கு 30 ரூபாய் கூட வரல. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம்னு வச்சாலும் மணிக்கு 42.

நான் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன். தம்பி ஒண்ணும் பேசல. சித்திதான் உள்ளேயிருந்து, "அதையெல்லாம் எதுக்கு எழுதுற, வீட்டு வேலைதானே"ன்னாங்க. வீட்டு வேலை இல்ல சித்தி. உங்க மகன் தன்னோட சேமிப்புன்னு எழுதி வச்சிருக்கிறது உங்க சம்பளம்.

இதை நான் கறாராவே சொல்றேன், ஏன்னா என்கிட்ட வர்ற சம்பளக்காரங்க பல பேர் ஊர்ல நடக்குற இந்த மாதிரி வருமானத்தை "பேசிவ் இன்கம்" என்கிறாங்க. யாரோ ஒருத்தர் வெயில்ல நடந்தாத்தான் அந்தக் காசு வருது. அவருக்கு அது பேசிவ் இல்ல.

செத்தது யார் ஆடு?

உண்மையான சிக்கல் போன ஐப்பசி மழையில தொடங்கினது. ஒரே வாரத்துல மூணு தாய் ஆடு செத்துப்போச்சு. கழிச்சல், மூக்குச்சளி, காய்ச்சல். ஆட்டுக்கொல்லி நோய்னு டாக்டர் சொன்னார். அதுக்குத் தடுப்பூசி இருக்கு, அரசு முகாம்லயே போடுறாங்க. அந்த முகாம் அன்னைக்கு சித்தி ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க.

மாமா அப்ப ஒண்ணும் சொல்லல. மார்ச்ல தம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த சேதி தெரிஞ்சதும் போன் வந்தது. "எட்டு ஆடு விட்டேன், எட்டு ஆடு வேணும். அதுவரைக்கும் குட்டி ஒண்ணையும் விக்காத." அப்ப தம்பி பங்குல 11 குட்டி ஏற்கெனவே வித்தாச்சு, 71,500 வந்திருந்தது. செலவு 32,000 போக கையில 39,500. மீதி ஒன்பது குட்டி கொட்டத்துல நின்னுச்சு. கிரயத்துக்கு மூணு மாசம்தான் கெடு.

மாமா என்னையும் கூப்பிட்டார். "நீ ஆடிட்டர்தானே மாப்ள, சட்டம் என்ன சொல்லுது சொல்லு." சொன்னேன். சொன்னதுக்கப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் முகம் வாடிப்போச்சு.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல, ஒருத்தர் பொருளை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கிறதுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு. அதுல 163-ம் பிரிவு: வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, ஒப்படைச்ச பொருள்ல இருந்து வர்ற பெருக்கமும் சொந்தக்காரருக்கே. அதுக்குச் சட்டமே கொடுத்திருக்கிற உதாரணம் என்ன தெரியுமா? ஒருத்தர் பசுவைப் பார்த்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போறார், பசு கன்னு போடுது, பசுவோட கன்னையும் திருப்பித் தரணும். அதாவது "பாதி வாரம்"னு பேசினதை நிரூபிக்க முடியலேன்னா, சட்டப்படி தம்பிக்குப் பாதியும் கிடையாது, காலும் கிடையாது. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், செல்லும். ஆனா மாமா "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னா என்ன பண்ணுவ? (அவர் அப்படிச் சொல்லல. அந்த அளவுக்கு எங்க குடும்பம் போகல.)

மாமா முகம் வாடினது 151, 152 பிரிவுகளால. பார்த்துக்கிறவர், தன்னோட சொந்தப் பொருளா இருந்தா சராசரி விவேகமுள்ள ஒருத்தர் எப்படிப் பார்த்துப்பாரோ அப்படிப் பார்த்துக்கணும். அப்படிப் பார்த்தும் நஷ்டம் வந்தா, தனியா ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அவர் பொறுப்பில்ல. சித்திக்குச் சொந்தமா ரெண்டு ஆடு இருந்துச்சு. அதே கொட்டம், அதே தீவனம். அதுல ஒண்ணும் அதே வாரம் செத்துச்சு. தன் ஆட்டுக்கு ஒரு மாதிரியும் அண்ணன் ஆட்டுக்கு ஒரு மாதிரியும் அவங்க பார்க்கல. அதே சமயம், தடுப்பூசி போடாம விட்டது சராசரி விவேகமான்னு மாமா கேட்டா, அதுக்கும் என்கிட்ட நல்ல பதில் இல்ல.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததுன்னு நினைக்காதீங்க. 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்துல கால்நடையைப் பங்குக்கு விடுறதுக்குத் தனிப் பகுதியே வச்சிருக்காங்க. பெருக்கத்துல பாதி வளர்க்கிறவருக்கு, நஷ்டத்துலயும் பாதி அவருக்கு. ஆனா அவர் தப்பில்லாம எதிர்பாராத விதமா வந்த முழு நஷ்டத்தையும் அவர் தலையிலேயே கட்டுற மாதிரி ஒப்பந்தம் போட்டா செல்லாது. பாலும் எருவும் முழுக்க வளர்க்கிறவருக்கு. நெப்போலியன் காலத்துலயே இவ்வளவு விவரமா எழுதி வச்சிருக்கான், நாம 2022-ல் வாட்ஸ்அப் கையில வச்சுக்கிட்டு வாயால பேசி முடிச்சிருக்கோம்.

கடைசியில நாங்களும் கிட்டத்தட்ட அங்கதான் வந்து நின்னோம். மூணு தாய் ஆட்டுக்கு 30,000 மதிப்பு. ஆளுக்குப் பாதி, 15,000. தம்பி தன் பங்குல நல்லா வளர்ந்த ரெண்டு கிடாயை மாமாவுக்குக் கொடுக்குறதுன்னு முடிவாச்சு. மாமா முழுத் திருப்தியில்ல. சித்தி ரெண்டு நாள் அழுதாங்க, ஆட்டுக்காக இல்ல, அண்ணன் கணக்குக் கேட்டுட்டாரேன்னு.

வாரம் விடுறவங்க, எடுக்கிறவங்க ரெண்டு பேருக்கும் சொல்றேன். ஒரு வெள்ளைத்தாள் போதும். எத்தனை ஆடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ, காது டேக் நம்பர். குட்டியைப் பால் மறக்கிறப்ப பிரிக்கிறதா, வித்துக் காசைப் பிரிக்கிறதா. தாய் ஆடு செத்தா யாருக்கு எவ்வளவு. தடுப்பூசி யார் பொறுப்பு, செலவு யாருது. ஆட்டைத் திருப்பிக் கேட்கணும்னா எத்தனை மாசத்துக்கு முன்னாடி சொல்லணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உறவுக்குள்ள பேப்பரான்னு கூச்சப்படாதீங்க. பேப்பர் இல்லாததாலதான் எங்க வீட்டுல உறவே ஆட்டம் கண்டுச்சு.

இன்சூரன்சும் உண்டு. தேசியக் கால்நடை இயக்கத்துல 2024-ல் செஞ்ச மாற்றத்துப்படி பிரீமியத்துல வளர்க்கிறவர் கட்டவேண்டியது 15%, மீதியை அரசு ஏத்துக்குது. காது டேக் இல்லாத ஆட்டுக்குக் கிளைம் கிடையாது, அதை மறந்துடாதீங்க. எந்தத் திட்டம் இப்ப நடப்புல இருக்குன்னு உங்க ஊர் கால்நடை மருந்தகத்துல கேளுங்க. எங்க எட்டு ஆட்டுல ஒண்ணுக்கும் போடல.

ஆட்டுக்குப் பதிலா மாடுன்னு யோசிக்கிறவங்க, மேய்ச்சல் எங்கேன்னு முதல்ல பாருங்க. 2022 மார்ச்ல மேகமலைப் பக்கம் மலைமாடு மேய்ச்சல் சம்பந்தமான வழக்குல, காட்டுக்குள்ள மேய்க்கவே கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, அப்புறம் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கான்னு சுருக்கினது. நம்ம தெற்குப் பக்கம் முழுக்க மேகமலைப் புலிகள் காப்பகமும் அதை ஒட்டின காடும்தானே. கட்டுத்தரையில வச்சுத் தீவனம் வாங்கிப் போட்டா, மேலே போட்ட கணக்கு தலைகீழா மாறிடும்.

வரி

"ஆடு மாடு விவசாயம்தானே, வரி இல்லைல்ல?" வருஷா வருஷம் ஜூலையில இந்தக் கேள்வி வரும். இல்லீங்க. வருமான வரிச் சட்டத்துல விவசாய வருமானம்னா நிலத்துல உழைச்சு வர்றது. 1957-ல் ராஜா பினய் குமார் சஹாஸ் ராய் வழக்குலயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லியாச்சு. நிலத்துல உழவு, விதைப்புன்னு அடிப்படை வேலை இருக்கணும், கால்நடை வளர்ப்பு மட்டும் தனியா விவசாயம் ஆகாது. ஆடு வித்த லாபம் தொழில் வருமானம். சம்பளத்தோட சேர்த்துக் காட்டணும், அப்படிக் காட்டுறப்ப ஐடிஆர்-1 போட முடியாது. சின்ன அளவுல இருந்தா 44ஏடி பிரிவுல விற்பனையில 8% லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம், பேங்க் வழியா வந்த தொகைக்கு 6%. தம்பி சம்பளத்துக்கு வரி எதுவும் வராது. ஆனா பெங்களூருல 12 லட்சத்தை ஒட்டிச் சம்பளம் வாங்கிக்கிட்டு ஊர்ல இருபது ஆடு வாரத்துக்கு விட்டிருக்கிறவங்க கவனிக்கணும். ரிபேட் எல்லையை ஆடு தாண்ட வச்சிடும். தொழிலுக்கு வச்சிருக்கிற தாய் ஆடு செத்தா அந்த நஷ்டத்தைக் கழிக்கவும் சட்டத்துல இடம் இருக்கு, 36(1)(vi) பிரிவு. ஆனா 44ஏடி எடுத்தா அது தனியாக் கிடைக்காது. இங்க சொல்ற வரிப் பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டத்தோடது; 2026 ஏப்ரல்ல இருந்து புதுச் சட்டம், அதுல பிரிவு எண்கள் வேற.

இன்னொரு விஷயம். தம்பி வீட்டுக்காரருக்கு ஒரு லட்சம் அட்வான்சை ரொக்கமாக் கொடுக்கத் தயாரா இருந்தான், "குட்டி வித்த காசு அப்படியே இருக்குண்ணே, ஆர்டியில கொஞ்சம் எடுத்தாப் போதும்"னு. நல்லவேளை, முந்தின நாள் போன் பண்ணினான். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா அட்வான்ஸ் வாங்கக் கூடாது, 269எஸ்எஸ் பிரிவு. மீறினா வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். கொடுத்தவருக்கு அபராதம் இல்லேன்னாலும் கொடுத்ததுக்கு என்ன சாட்சி? சந்தையில வாங்குற காசை அன்னைக்கே கணக்குல போடுங்க. அப்பதான் வீட்டுக்கடனுக்கு ஸ்டேட்மென்ட் கேட்கிறப்ப திடீர்னு ஒரு பெரிய ரொக்கம் நிக்காது.

மீதி ஏழு குட்டி கதைக்கு வர்றேன். மார்ச்லயே வியாபாரி வந்து கண்மதிப்பா 6,000, 6,500-ன்னு கேட்டார். விக்க வேண்டாம்னு சொன்னேன். உத்தமபாளையம், கம்பம் பக்கம் பக்ரீத்துக்குக் கிடாய்க்கு இருக்கிற கிராக்கி ஊருக்கே தெரியும், 2025-ல் பக்ரீத் ஜூன் 7. தொங்கு தராசு ஒண்ணு வாங்கி, உயிர் எடை போட்டு, வீட்டுலயே வித்தாங்க. சராசரி 8,500, மொத்தம் 59,500. இதுக்கு முன்னாடி வித்த பதினொண்ணையும் வண்டி ரிப்பேர், காலேஜ் பீஸ்னு அவசரத்துக்கு வித்து, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டிருந்தாங்க. அவசரகால நிதி தனியா ஒரு 30,000 இருந்திருந்தா அந்தக் குட்டிகளும் பண்டிகை விலைக்குப் போயிருக்கும்.

ஆர்டி 2.38 லட்சம், பழைய கையிருப்பு 39,500, பக்ரீத் காசு 59,500. மொத்தம் 3.37 லட்சம். இன்னும் 87,000 குறையுது. ஒத்திப் பணம் ஒன்றரை லட்சம் இருக்கு, ஆனா வீட்டைக் காலி பண்ணினாத்தான் வரும், புது வீடு பதிஞ்சாத்தான் காலி பண்ண முடியும். சித்தி வளையலை நகைக்கடனுக்கு வச்சாங்க. எனக்கு அது பிடிக்கல. ஆனா ரெண்டே மாசத்துல ஒத்திப் பணம் திரும்பும்னு எழுத்துல வாங்கினதுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டேன். சொன்னபடி ஆகஸ்ட்ல வந்தது, வளையலும் திரும்பிடுச்சு. இஎம்ஐ 8.5% வட்டியில 20 வருஷத்துக்கு மாசம் 11,700 சொச்சம். 31,000 சம்பளத்துல இது கிட்டத்தட்ட 38%, கொஞ்சம் இறுக்கம்தான்.

ஆடி பிறக்குறதுக்கு முன்னாடி பத்திரம் முடிஞ்சது. பத்திரத்துல சித்தி பேரும் இருக்கணும்னு நான் சொன்னப்ப தம்பி தயங்கினான். "லோன் என் பேர்லதானேண்ணே?" 3,285 மணி நேரத்தை மறுபடியும் காட்டினேன். ரெண்டு பேர் பேர்லயும் பதிஞ்சு, சித்தியை இணை விண்ணப்பதாரராச் சேர்த்தோம்.

போன வாரம் பால் காய்ச்சினாங்க. வீடு சின்னது, ஒன்றரை சென்ட். நாலு பக்கமும் சுவர், பின்னாடி ஒரு கக்கூஸ், அவ்வளவுதான். மாமாவோட அஞ்சு தாய் ஆடு, சித்தியோட ஒண்ணு, ரெண்டு சினை வேற. பால் பொங்கினதும் சித்தி கேட்ட முதல் கேள்வி: "ஆட்டை எங்கடா கட்டுறது?"

மூணு வருஷமா வீட்டுக்காகக் கணக்குப் போட்ட யாருக்கும், என்னையும் சேர்த்து, இது தோணல. இப்போதைக்குத் தெருக்கோடியில ஒரு தென்னந்தோப்புல ஓரமா கொட்டம் போட்டுக்க இடம் கிடைச்சிருக்கு, மாசம் 300 ரூபாய். மாமாகிட்ட பேசி அதுல பாதியை அவர் ஏத்துக்கிறதா இந்தத் தடவை நோட்டுலயே எழுதி, திருப்பூருக்குப் போட்டோ அனுப்பியாச்சு. ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு "சரி"ன்னு பதில் வந்தது.